அக்கரைக் கோபுரம்

டிசம்பர் 3, செவ்வாய்

வனத்துறையிலிருந்து செய்யது வந்து ஒரு நோட்டையும் பைனாகுலரையும் கொடுத்துவிட்டுப் போனார். நோட்டில் தினமும் எழுத வேண்டுமாம். பறவை எத்தனை மணிக்கு வந்தது, என்ன தூக்கிக்கொண்டு வந்தது, யாராவது கிட்டே போனார்களா. மாதக் கடைசியில் வாங்கிக்கொள்வார். அந்த நோட்டு அரசாங்கத்துக்கு. இது எனக்கு. ஐஸ் கம்பெனிக்காரன் கொடுத்த பழைய டைரி, சும்மா கிடந்தது.

விஷயம் இதுதான். சங்குமுனைக் கழிமுகத்தின் மேல் எங்கள் மின்வாரியத்தின் முப்பத்துமூன்று கே.வி. லைன் போகிறது. இக்கரையில் ஒரு இரும்புக் கோபுரம், அக்கரையில் ஒன்று. அக்கரைக் கோபுரத்தின் உச்சியில் ஆலா கூடு கட்டியிருக்கிறது. கடலுக்குப் போகிறவர்கள் ஆலா என்பார்கள், செய்யது வெண்வயிற்றுக் கடற்கழுகு என்கிறார். போன மாதம் அது பிடித்து வந்த கடல்பாம்பு கம்பிகளுக்குக் குறுக்கே விழுந்து லைன் டிரிப் ஆகிக் கரண்ட் நின்றுவிட்டது. கூட்டைப் பிரித்துப் போட எங்கள் என்ஜினியர் ஏ.ஈ. ஆள் அனுப்பினார். செய்யது ஓடி வந்து, கூட்டில் கை வைத்தால் எல்லோரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும் என்றார். கடைசியில் குஞ்சு பறக்கும்வரை கூடு இருக்கட்டும், எங்கள் ஆள் ஒருவர் காவல் பார்க்கட்டும் என்று முடிவாயிற்று.

"பேச்சிமுத்து, நீங்க பாருங்க. உங்களுக்குத்தான் முட்டி வலி, ஏற முடியாதே. நிழல்ல சேரைப் போட்டு உட்காருங்க" என்றார் ஏ.ஈ.

"அந்தக் கோபுரமா சார்?"

"வேற எந்தக் கோபுரத்துல கூடு இருக்கு?"

அவர் இங்கே வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

லைன்மேன் பேச்சிமுத்துவுக்கு ஆறு வருடமாக முட்டி வலி. டாக்டர் சீட்டு இருக்கிறது. முட்டியில் ஒன்றுமில்லை என்பது எனக்கும் என் மனைவி சொர்ணத்துக்கும் மட்டும் தெரியும்.

டிசம்பர் 4, புதன்

பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் கோபுரம் முகத்துக்கு நேரே வந்து நின்றுவிட்டது. கீழே போட்டுவிட்டேன். நல்லவேளை, மணலில் விழுந்தது.

ஆறு வருடமாக இந்தக் கரையில் வண்டி ஓட்டும்போது இடது பக்கம் பார்ப்பதில்லை. இப்போது அதைப் பார்ப்பதற்குத்தான் சம்பளம். ஒவ்வொரு போல்ட்டும் தெரிகிறது. கூடு பெரியது, கட்டில் அளவு இருக்கும். சுள்ளி, கிழிந்த வலை, யாருடைய செருப்போ ஒன்று. பெண் பறவை அடைகாக்கிறது. தலையும் வயிறும் சலவை செய்தது மாதிரி வெள்ளை. அது கூட்டில் திரும்பி உட்காரும்போது நேராக என்னைப் பார்த்தது. பறவை என்னை ஏன் பார்க்கப் போகிறது. ஆனாலும் நான் சேரைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டேன்.

இந்தக் கண்ணாடி மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால் என்று எழுத வந்தேன். வேண்டாம்.

டிசம்பர் 9, திங்கள்

செக்‌ஷனுக்குப் புதிதாக ஒரு கள உதவியாளர் வந்திருக்கிறார். பெண் பிள்ளை. ஜெசிந்தா. தொம்மையின் மகள். ஆறு வருடத்துக்கு முன் அக்கரைக் கோபுரத்தில் கரண்ட் அடித்துப் போனானே, அந்தத் தொம்மை.

கருணை அடிப்படையில் ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற வேலை கொடுத்தார்களாம். வேண்டாம், அப்பா பார்த்த வேலைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னாள், எனக்கு மட்டும் கிட்டே வந்து சொன்னாள்.

"மாமா, என்னைய அடையாளம் தெரியுதா? பத்தொன்பது வயசுல பாத்தது."

கண்ணும் நெற்றியும் அப்படியே அவன்தான். தெரிகிறது என்றேன். டீ வாங்கி வருகிறேன் என்று கிளம்பி, கடைவரை போய், டீ வாங்காமல் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இரவு வீட்டில் சொன்னேன். "யாரு வந்தா என்ன, விசாரணையில நம்ம மேல தப்பில்லன்னுதான எழுதிட்டாங்க" என்றாள் சொர்ணம். உண்மைதான். எழுதிவிட்டார்கள்.

டிசம்பர் 13, வெள்ளி

ஆண் பறவை: ஏழு பத்துக்கு மடவை மீன். ஒன்பது நாற்பதுக்கு மறுபடி. பதினோரு மணிக்கு விராலடிப்பான் ஒன்று கடலிலிருந்து மீனோடு வந்தது. குளிர்காலத்துக்கு மட்டும் வருகிற பறவை, ஆலாவைவிடச் சிறியது. ஆலா துரத்தித் துரத்தி அதன் மீனைப் பிடுங்கிக்கொண்டது. உழைக்கிறவன் ஒருத்தன், தின்கிறவன் ஒருத்தன்.

ஏ.ஈ. ஜெசிந்தாவை மதியம்வரை என்னோடு உட்காரச் சொல்லிவிட்டார். ஆள் இல்லாதபோது மாற்றாளாக இருக்கட்டுமாம். அவளுக்குப் பேச்சு ஓயாது. எல்.சி. விதிகளை ஒப்பிக்கிறாள். எல்.சி. என்றால், கம்பியில் வேலை செய்யப்போகிறவன் சப்-ஸ்டேஷனில் கேட்டு லைனை நிறுத்தி வைக்கிற அனுமதி. யார் பெயரில் வாங்கினார்களோ அவர்தான் திருப்பித் தர வேண்டும். அவர் 'ரிட்டர்ன்' என்று சொல்லாமல் கலெக்டரே வந்து கேட்டாலும் ஆபரேட்டர் கரண்ட் விடக்கூடாது. சொல்லிவிட்டால் அடுத்த நிமிடம் கம்பியில் உயிர் வந்துவிடும். அதனால் ஆள் எல்லாம் கீழே இறங்கியதைத் தன் கண்ணால் பார்க்காமல் சொல்லக்கூடாது.

"அப்பாவும் கரெக்டாத்தான் எறங்கியிருக்காக. நீங்களும் கரெக்டாத்தான் ரிட்டர்ன் பண்ணியிருக்கிய. பொறகு எதுக்கு மாமா மறுபடி ஏறுனாக?"

தெரியாது என்றேன். ஸ்பானரை மேலே மறந்து வைத்திருக்கலாம் என்று அறிக்கையில் போட்டிருக்கிறது.

"அம்மா இன்னும் ஏசிக்கிட்டேதான் இருக்கா. பொண்டாட்டி பிள்ளைய விட ஸ்பானர் பெருசாப் போச்சான்னு. கல்லறைத் திருநாளுக்குக்கூட வரமாட்டா. நாந்தான் போயி மெழுகுதிரி கொளுத்திட்டு வருவேன்."

அவள் போன பிறகு ஆலா என்ன செய்தது என்று நோட்டில் எழுதவில்லை. பார்க்கவில்லை.

டிசம்பர் 14

விடுப்பு. காய்ச்சல் என்று சொன்னேன்.

டிசம்பர் 21, சனி

குஞ்சு பொரித்திருக்க வேண்டும். தாய் எழுந்து நின்று மீனைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே கொடுக்கிறது. செய்யதுக்குப் போன் செய்தேன். மனிதர் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்துவிட்டார். சொந்தப் பேரன் பிறந்திருந்தால்கூட இவ்வளவு குதிக்க மாட்டார். ஜெசிந்தா கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு தரவே இல்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம்.

ஐஸ் கம்பெனி மேனேஜர் வந்து, ஒரு பறவைக்காக எங்கள் மீன் கெட வேண்டுமா, ராத்திரியோடு ராத்திரியாகத் தட்டிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்றேன். சொல்லிவிட்டு எனக்கே வேர்த்துவிட்டது.

ஜனவரி 2, வியாழன்

இரண்டு குஞ்சுகள் இருந்தன. இன்று ஒன்றுதான் தெரிகிறது. பெரியது சின்னதைக் கொத்தியிருக்கும், இது சகஜம் என்கிறார் செய்யது. சகஜமாம்.

திருப்பூரிலிருந்து மகள் சண்முகக்கனி பேசினாள். பேத்தி என்னைத் தாத்தா என்று கூப்பிட்டது. சண்முகக்கனி கல்யாணம் முடிவானதும் தொம்மை போன அதே நாள்தான். மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்குப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஒரே பறப்பு. வந்தார்கள், பார்த்தார்கள். நான்தான் அங்கே இல்லை. ஜி.எச். வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

ஜனவரி 8, புதன்

இன்று நடந்ததை எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலை எட்டரை. குஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் உடம்பில் பழுப்பு இறகு முளைக்கிறது. தாய் திடீரென்று கத்திக்கொண்டு எழும்பியது. யாரோ கிட்டே போகிறார்கள் என்று கண்ணாடியைக் கீழே இறக்கினேன். கோபுரத்து அடியில் காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் என் பக்கம் திரும்பி நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியது.

தொம்மை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. மறுபடி பார்த்தபோது ஜடை தெரிந்தது. ஜெசிந்தா.

அக்கரையில் வேலை செய்கிறவன் இறங்கியதும் கோபுரத்து அடியில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் இக்கரையில் இருக்கிறவன் எல்.சி.யை ரிட்டர்ன் செய்ய வேண்டும். எங்கள் செக்‌ஷனில் அதுதான் வழக்கம். தொம்மை போனை மேலே கொண்டுபோக மாட்டான், வண்டிப் பெட்டியில்தான் கிடக்கும். தொம்மை கை காட்டினான், நான் பார்த்தேன், பிறகே ரிட்டர்ன் கொடுத்தேன் என்று விசாரணையில் சொன்னேன். அதைத்தான் எழுதிக்கொண்டார்கள்.

பாலத்தைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"கை தூக்குனது தெரிஞ்சுதா மாமா?"

"தெரிஞ்சுது."

"கண்ணாடி இல்லாமயா?"

"கண்ணாடி இல்லாமயும் தெரியும்."

அக்கரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. ஆறு வருசமா. தப்பா நெனச்சிட்டேன் மாமா, மன்னிச்சிருங்க. அப்போ அப்பா மேலதான் தப்பு."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், நான் தலையை ஆட்டினேன்.

ஜனவரி 9

ஆலா: 7.20 மீன். 10.05 பாம்பு. 3.30 மீன். குஞ்சு நலம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காவலுக்கு விடுமுறை இல்லை. ஜெசிந்தா தூக்குவாளியில் கிழங்கான் மீன் குழம்பு கொண்டுவந்தாள். அவள் அம்மா கித்தேரி கொடுத்துவிட்டாளாம். "மாமா வெறுஞ்சோத்தத் தின்னுட்டுக் கெடப்பாக, குடுத்துட்டு வா" என்றாளாம். அவர்களுக்குப் பொங்கல் கிடையாது, எனக்காக வைத்தது.

அவள் பார்க்கிறாளே என்று எல்லாவற்றையும் தின்றேன்.

ஜனவரி 27, திங்கள்

ஜெசிந்தா ஏறக் கற்றுக்கொண்டுவிட்டாள். பெல்ட் கட்டுவதும் கால் வைப்பதும் பார்க்க அழகாக இருக்கிறது. என்னால்தான் பார்க்க முடியவில்லை. அவள் போஸ்ட்டில் இருக்கும்போதெல்லாம் யார் பெயரில் எல்.சி. என்று இரண்டு தடவை கேட்டுவிடுகிறேன். "பேச்சிமுத்து அண்ணாச்சிக்கு வயசாயிட்டுது" என்று பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 5, புதன்

காற்று அதிகம். குஞ்சு கூட்டு விளிம்பில் நின்று இறக்கையை விரித்து விரித்துப் பழகுகிறது. ஒவ்வொரு தடவையும் விழுந்துவிடும் என்று கண்ணாடியை இறக்கிவிடுகிறேன்.

வீட்டில் யாரும் இல்லை. சொர்ணம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். எழுதிவிடுகிறேன். எழுதினால் குறையும் என்று யாரோ சொன்னார்கள்.

தொம்மை ஏறும்போது சட்டையைக் கழற்றிக் கோபுரத்தின் காலில் தொங்கவிடுவான். பனியனோடுதான் வேலை செய்வான். இறங்கியதும் சட்டையைப் போட்டுக்கொண்டு, பிறகு கை காட்டுவான். பதினாலு வருடம் இப்படித்தான். அன்றைக்கு ஒன்று நாற்பதுக்குப் பார்த்தேன். காலில் சட்டை இல்லை. உச்சியிலும் ஆள் தெரியவில்லை. இறங்கிவிட்டான், வண்டி எடுக்கப் போயிருப்பான் என்று நினைத்தேன். மணி ஆகிக்கொண்டிருந்தது. கைக்காகக் காத்திருக்கவில்லை. ஆபரேட்டரைக் கூப்பிட்டு ரிட்டர்ன் கொடுத்துவிட்டேன்.

சட்டையைக் காற்று அடித்துக்கொண்டு போயிருந்தது. மறுநாள் முள்மரத்தில் கிடந்ததை எடுத்தார்கள். அவன் கோபுரத்தின் பின்பக்கம் கம்பியைத் தாங்குகிற பீங்கான் டிஸ்க்கைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

அவன் கை காட்டவில்லை. அவன் இறங்கவே இல்லை.

எழுதிவிட்டேன். ஒன்றும் குறையவில்லை.

பிப்ரவரி 6

நேற்று எழுதிய பக்கத்தைக் கிழிக்க இரண்டு தடவை எடுத்தேன். கிழிக்கவில்லை. அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சொர்ணம் அங்கே தூசி தட்டினால் என்ன செய்வது என்று பகல் முழுவதும் அதே நினைப்பு.

பிப்ரவரி 17, திங்கள்

செய்யது கணக்குப்படி இன்னும் பத்து நாளில் குஞ்சு பறந்துவிடும். அப்புறம் கூட்டைப் பக்கத்தில் தனிக் கம்பத்தில் மேடை கட்டி மாற்றப் போகிறார்களாம், அடுத்த வருடம் அங்கே வந்து உட்காருமாம். எனக்கும் விடுதலை. பத்து நாள் தள்ளிவிட்டால் போதும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தள்ள முடியவில்லை.

மதியம் மூன்று மணிக்குக் குஞ்சு கூட்டுக்கு வெளியே தலைகீழாகத் தொங்குகிறது. கூட்டில் கிடந்த மெல்லிய நைலான் தங்கூசி வலை காலில் சுற்றியிருக்கிறது. இறக்கையை அடித்து அடித்து ஓய்ந்து, பிறகு மறுபடி அடிக்கிறது. பெற்றதுகள் இரண்டும் சுற்றிச் சுற்றிக் கத்துகின்றன. நாளைக்குள் எடுக்காவிட்டால் கால் போய்விடும், உயிரும் போய்விடும் என்றார் செய்யது.

ஏ.ஈ. போனில் யாரிடமெல்லாமோ பேசி, நாளைக் காலை ஒன்பது மணிக்கு அரை மணி நேரம் எல்.சி. வாங்கிவிட்டார். மற்ற ஆட்கள் எல்லாம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லைன் இழுக்கப் போகிறார்கள்.

"நான் ஏறுதேன் சார்" என்றாள் ஜெசிந்தா.

"சரி. எல்.சி. பேச்சிமுத்து பேர்ல."

எனக்கு முட்டி வலி என்றேன். எல்.சி. வாங்க முட்டி எதற்கு என்றார். காய்ச்சல் என்றேன். மாத்திரை போடுங்கள் என்றார். வேறு யாராவது, என்று இழுத்தேன். அதிகாரம் உள்ள லைன்மேன் உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள், ஒரு போன் பேசுவதற்கு என்ன இவ்வளவு என்று கோபப்பட்டுவிட்டார். ஜெசிந்தா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா இருந்தா எனக்குப் பயமில்ல சார். மாமா கண்ணால பாக்காம ரிட்டர்ன் குடுக்க மாட்டாக."

பயமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை. அதே கோபுரம், அதே கரை, அதே போன். தொம்மையின் பிள்ளை. சப்-ஸ்டேஷனிலிருந்து அவசரப்படுத்துவார்கள். இக்கரையில் நின்று நான் அண்ணாந்து பார்க்க வேண்டும். என் கண் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி 19, புதன்

மூன்று மணிக்கே விழித்துவிட்டேன். ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. எல்.சி. என் பெயரில், நானும் கோபுரத்தின் மேல் இருந்தால், தவறுதலாகக்கூட என்னால் ரிட்டர்ன் கொடுக்க முடியாது. கொடுத்தால் முதலில் போவது நான்.

பெல்ட்டை எடுத்தேன். ஆறு வருடத்தில் தோல் விறைத்துப்போயிருந்தது. சொர்ணம் பார்த்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. விபூதி பூசிவிட்டாள்.

ஏ.ஈ. இக்கரையில் நின்றார். செய்யது, ஜெசிந்தா, நான் மூவரும் அக்கரைக்குப் போனோம். ஒன்பது மணிக்கு எல்.சி. நம்பர் சொன்னார்கள், எழுதிக்கொண்டேன். நானும் ஏறப்போகிறேன் என்றதும் ஜெசிந்தா சிரித்தாள்.

"முட்டி?"

"முட்டில ஒண்ணும் இல்லம்மா. ஏறு."

இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. இருபதாவது படியில் கை விரல்கள் பிடியை விட மறுத்துவிட்டன. கீழே செய்யது என்னவோ சொல்கிறார், காதில் விழவில்லை. மேலே அவள் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அந்தப் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். கம்பி தாங்குகிற குறுக்குக் கையை எட்டியதும் இரண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு சேர்க்கிற எர்த் ராடு மாட்டினோம், தொம்மை காலத்தில் எங்களிடம் இது இல்லை. பிறகு நான் அங்கேயே பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு நின்றேன், அவள் உச்சிக்குப் போனாள்.

பின்பக்கம் அந்த டிஸ்க் இருந்தது. மாற்றியிருக்கிறார்கள், புதியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாய்ப் பறவை இரண்டு தடவை பாய்ந்தது. இரண்டாவது தடவை அவள் ஹெல்மெட்டில் நகம் உரசிய சத்தம் எனக்குக் கேட்டது. அவள் ஒரு கையால் குஞ்சைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வலையை ஒவ்வொரு இழையாக அறுத்தாள். அவசரப்படவே இல்லை.

ஒன்பது இருபதுக்குப் போன் அடித்தது. ஆபரேட்டர்.

"அண்ணாச்சி, முடிஞ்சிட்டா? ஐஸ் கம்பெனில கெடந்து கத்துதானுவ. ரிட்டர்ன் போட்டுக்கிடலாமா?"

"நான் மேல நிக்கேன்" என்றேன்.

"யாரு, நீங்களா?"

"நாந்தான். நானும் இன்னொரு ஆளும். ரெண்டு பேரும் தரையில நின்னு நாங்களாப் பேசுற வரைக்கும் தொடாத."

குஞ்சைக் கூட்டுக்குள் வைத்துவிட்டு, மிச்சம் கிடந்த வலையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்கினாள். எர்த் ராடுகளைக் கழற்றினோம். நான் தரையில் கால் வைத்தபோது ஒன்பது முப்பத்தெட்டு. செய்யது இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தார். கூட்டைப் பார்க்க வசதியாகத் தள்ளிப் போய் நின்றார்.

நான் போனை எடுத்தேன். நம்பரை அழுத்த விரல் வரவில்லை.

"என்ன மாமா, ரிட்டர்ன் குடுங்க. அதான் எறங்கியாச்சே."

"ஒங்க அப்பா எறங்கல" என்றேன்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"அவன் கை காட்டல. நான் பாக்கல. சட்டையக் காணோம், எறங்கிட்டான்னு நெனச்சு நானாக் குடுத்துட்டேன். கை காட்டுனான்னு பொய் சொன்னேன். அவன் மறுபடி ஏறல, ஜெசிந்தா. அவன் மேலதான் இருந்தான்."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் கையில் இருந்த வலைச் சுருளைப் பார்த்தேன். கை அப்படியே இருந்தது. ஆறு வருடமாக எதற்குப் பயந்தேனோ அது என் முன்னால் நின்றுகொண்டிருந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் கையிலிருந்த போனை வாங்கினாள். அவளே நம்பரைப் போட்டாள்.

"சார், சங்குமுனை. ரெண்டு பேரும் எறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு. எல்.சி. எடுத்தவுக பக்கத்துல நிக்காக, அவுகளே சொல்லுவாக." போனை என் வாய்க்கு நேரே நீட்டினாள். ரிட்டர்ன் என்றேன். கேட்கவில்லை என்றான் ஆபரேட்டர். இரண்டாவது தடவை சொன்னேன்.

கம்பி சற்று நேரத்தில் முனக ஆரம்பித்தது. அவள் பெல்ட்டைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"அம்மாட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க வந்து சொல்லணும்."

அதன் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிடவில்லை. வண்டியில் செய்யதின் பின்னால் ஏறிக்கொண்டாள். நான் பாலம்வரை நடந்து வந்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் எழுதி ஏ.ஈ.யிடம் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். இரண்டு தடவை படித்தார். "இதைக் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா பேச்சிமுத்து?" என்றார். பென்ஷன் போகும், கேஸ் வரும், தெரியும் சார் என்றேன். நான் இதைப் பார்க்கவில்லை, எடுத்துக்கொண்டு போங்கள் என்று சொல்வார் என எனக்குள் ஒரு மூலையில் ஆசை இருந்தது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவர் தேதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

சொர்ணத்திடம் சொன்னேன். மகள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கித்தேரி வீட்டுக்கு நானும் வரவா என்று கேட்டாள். தனியாகப் போகிறேன் என்றேன்.

மாலை ஐந்து மணி. கித்தேரி வாசலில் கருவாடு காயப் போட்டு, காகம் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெசிந்தா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. "வாங்கண்ணே, பொங்கலுக்குக் குடுத்துவிட்ட குழம்பு நல்லாருந்துச்சா" என்று கேட்டாள் கித்தேரி. நாற்காலி எடுத்துப் போட எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வர இருந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லும்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கையில் காகம் விரட்டும் குச்சி அப்படியே இருந்தது. காகங்கள் வந்து கருவாட்டைத் தூக்கின. அவள் விரட்டவில்லை.

"அப்போ ஸ்பானர் எடுக்க ஏறலியா அவுக?"

"இல்லம்மா."

"மறுபடியும் ஏறவே இல்லியா?"

"எறங்குனாத்தான ஏறுறதுக்கு. அவன் வேலயத்தான் பாத்துக்கிட்டு இருந்தான். நாந்தான் கொன்னேன்."

என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குச்சியைச் சுவரோரம் சாத்தி வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆறு வருசம்" என்றாள். "பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன் அந்த மனுசன."

பிறகு உள்பக்கம் திரும்பி, ஜெசிந்தா, கல்லறைத் தோட்டத்துக் கதவு எத்தனை மணிக்குச் சாத்துவாங்க என்று கேட்டாள். ஆறு மணிக்கு என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கித்தேரி செருப்பைத் தேடிக் காலில் மாட்டினாள். நான் வழியில் நின்றுகொண்டிருந்தேன்.

"நவுருங்க" என்றாள். "நேரமாவுது. நான் அவுககிட்டப் பேசணும்."